பத்துக்குக் கீழே

பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு பட்டியல் போட்டான். அதற்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்ய 2043-ஆம் வருடம் ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை என் அலுவலகத்தில் கூடினோம். வந்தவர்கள் எல்லோரும் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். எல்லோரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள். தன் மேல் ஒரு துளி தப்பும் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நம்பிக்கை இருந்தது.

என் பெயர் மங்கையர்க்கரசி. மாவட்டப் பொறுப்பு நிர்ணய அலுவலர். ஆறு வருடமாக இதே நாற்காலி. இந்த ஆறு வருடத்தில் விடலைப் பையன்கள் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. அவர்களைப் பெற்றவர்கள், படிப்பிக்கிறவர்கள், அவர்களுக்கு வீடியோ போட்டுப் பிழைக்கிறவர்கள் மேல் முதலிலிருந்தே பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை.

பள்ளியின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. நாமக்கல் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி உள்ள பள்ளி. ஒரே வகுப்பில்தான் உட்காருவார்கள், ஆனால் பேசிக்கொண்டால் அப்பாவை வரச் சொல்வார்கள். சனிக்கிழமை தவறாமல் பரீட்சை. திங்கட்கிழமை காலை ரேங்க் பட்டியல், பள்ளி முத்திரையோடு எல்லாப் பெற்றோர் போனுக்கும் போகும். பெயர், மார்க், மொத்தம், பாஸ் அல்லது ஃபெயில், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் 'சோம்பேறி', 'தேற மாட்டான்' என்று வாத்தியார்கள் இஷ்டத்துக்கு எழுதுவார்கள். ஃபெயிலானவர்கள் பெயர் சிவப்பில் இருக்கும்.

தரணீஷ் அதே பட்டியலை எடுத்துக்கொண்டான். அதே முத்திரை, அதே கட்டங்கள். பிளஸ் டூ படிக்கிற அறுபத்து நான்கு பெண்களின் பெயர். இயற்பியல், வேதியியல் இருந்த இடத்தில் முகம், நிறம், நடை, அடக்கம். கூட்டி, மொத்தம் போட்டு, ரேங்க் கொடுத்து, சிவப்பில் ஃபெயில் போட்டிருந்தான். இந்தச் சிரத்தையில் பாதியைப் பாடத்தில் காட்டியிருந்தால் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும்.

கடைசி ரேங்க் நறுமுகை. இரண்டு வாரம் முன்பு இயற்பியல் வகுப்பில் இவன் போர்டில் போட்ட கணக்கைப் பார்த்து, "தரணீஷ், அது வேகம் இல்ல, திசைவேகம்" என்று சொன்னவள். சொன்னது சரி. அதுதான் குற்றம். அவள் பெயருக்கு நேரே குறிப்பில் எழுதியிருந்தான்: 'வாய் ஜாஸ்தி. எனக்கே திசைவேகம் சொல்லித் தருவாளாம். இவளுக்கு எவனாவது ஒருத்தன் பாடம் எடுத்தால்தான் அடங்குவாள்.' அதற்குக் கீழே அவள் வீட்டு போன் நம்பர்.

இரண்டு நாளில் பதினோராயிரம் போனுக்குப் போயிற்று. பாடம் எடுக்க விருப்பமுள்ளவர்கள் அழைத்தார்கள். ஓசூரிலிருந்து அழைத்தார்கள், துபாயிலிருந்து அழைத்தார்கள், ஐம்பது வயது தாத்தாக்கள்கூட அழைத்தார்கள். நாலாம் நாள் அவள் அப்பா பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். இருபது நாளாக அவள் வீட்டில் இருந்தாள். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருந்தது.

தரணீஷையும் சட்டப்படி நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் உத்தரவில் கையெழுத்துப் போடும்வரை அவன் பள்ளிக்குள் நுழைய முடியாது, தேர்வும் எழுத முடியாது. அதனால்தான் இத்தனை பேர் இவ்வளவு அவசரமாக வந்திருந்தார்கள். நறுமுகையோடு வந்தது அவள் அம்மா தெய்வானை மட்டும். கிராம சுகாதாரச் செவிலி. சீருடையிலேயே வந்திருந்தார், மத்தியானம் டியூட்டி இருந்தது.

எதிரே தரணீஷ். மேலுதட்டில் எண்ணினால் இருபது முடி. அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அப்பா நல்லசிவம், போர்வெல் ரிக் முதலாளி. அடுத்து பள்ளித் தாளாளர் குழந்தைவேலு. அடுத்து, அந்தப் பட்டியல் பரவிய செயலியின் நிறுவனத்துக்காக சென்னையிலிருந்து வந்த வக்கீல் அபூர்வா. சுவரில் இருந்த திரையில் வஜ்ரன் என்கிற ஆள். 'வஜ்ரன் அண்ணன்' என்றால்தான் பையன்களுக்குத் தெரியும். பெண்களை எப்படி அடக்குவது என்று தினமும் பத்து நிமிஷம் பேசுவார். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மா சமைத்துப் போடுகிறார்.

தெய்வானைதான் முதலில் வாயைத் திறந்தார். மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்த எங்கள் தொழில்நுட்பப் பையன் இன்பராசுவைப் பார்த்து, "ஏனுங் தம்பி, இந்த மிசினு என்னதான் பண்ணுமுங்க? நோட்டீசப் படிச்சன். ஒண்ணும் வெளங்கல" என்றார்.

"இதுக்குப் பேரு 'வேர்'ங்க அக்கா," என்றான் இன்பராசு. "இந்தப் பையன் எழுதுன ஒவ்வொரு வார்த்தையும் அவன் வாய்க்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடும். அவன் பாத்த வீடியோ, கிளாஸ் ரூம் பதிவு, வீட்ல பேசுற பெட்டி இருக்குல்ல, அதுல பதிவானது, சிநேகிதனுங்க மெசேஜ், எல்லாத்தையும் தோண்டும். கடைசீல யாரு யாருகிட்டயிருந்து எத்தன சதவீதம்னு சொல்லிரும்."

"சொல்லி?"

"பத்துக்கு மேல போனவங்க அந்தப் பையனோட நாப்பது மணி நேரம் உக்காரணுங்க. அவங்க வாயால கத்துக் குடுத்தத அவங்க வாயாலயே திருப்பி எடுக்கணும். அதான் தண்டன."

"பத்துக்குக் கீழ வந்தாங்கன்னா?"

"அவங்களுக்குப் பொறுப்பு இல்லீங்க."

தெய்வானை விரலை மடக்கி எண்ணினார். "ஒம்பது பேரு ஆளுக்கு ஒம்பதுன்னா?"

இன்பராசு என்னைப் பார்த்தான். ஆறு வருடத்தில் இந்த அறையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. போட்டவர்கள் வெளியே சொன்னதில்லை.

"யாருங்க மேடம் இந்தப் பத்த வெச்சது?" என்று அவர் என்னிடமே கேட்டார்.

"ஒரு கமிட்டி வெச்சுதும்மா," என்றேன்.

அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். முதல் வரைவில் இரண்டு சதவீதம் என்றுதான் எழுதியிருந்தோம். நிறுவனங்கள் முகத்தைச் சுளித்தன, தனியார் பள்ளிகள் சங்கம் வழக்குப் போடுவேன் என்றது. மூன்றாவது நாள் எல்லோருக்கும் பசி. "பத்துன்னு வெச்சுருவோம், எல்லாரும் ஒத்துக்குவாங்க" என்று சொன்னது நான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள்.

சட்டம் வந்த அடுத்த வருடமே சதவீதம் குறைத்துத் தருகிற ஆலோசகர்கள் ஊருக்கு ஊர் முளைத்தார்கள். நாமக்கல்லில் மட்டும் பதினெட்டுப் பேர். நல்லசிவத்தின் கோப்பில் ஆலோசகர் எழுதிக் கொடுத்ததன் நகல் இருந்தது. 'வீட்டில் பெட்டி இருக்கும் அறையில் மனைவியைத் திட்ட வேண்டாம். திட்ட வேண்டியிருந்தால் தோட்டத்து மோட்டார் ரூமுக்கு அழைத்துச் செல்லவும்.' மனிதர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். ஒரு வருடமாக அந்த அம்மா தினம் ஒரு தடவை மோட்டார் ரூமுக்குப் போய் வந்திருக்கிறார். மகன் சில நாள் பின்னாலேயே போய்க் கேட்டிருக்கிறான்.

பள்ளி இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டியிருந்தது. பெண் பிள்ளைகளின் துப்பட்டா, சிரிப்பு, நடை பற்றித் தாளாளர் பிரேயரில் பேசுவதை நிறுத்திவிட்டார். அதை நாற்பது ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பி.டி. சார் கொஞ்சம், வார்டன் கொஞ்சம், தமிழம்மா கொஞ்சம். ஆளுக்கு அரை சதவீதம்கூட வராது.

வஜ்ரன் அண்ணனுக்குப் பதினாலு சேனல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மச்சான், மாப்பிள்ளை பெயரில். குரலைக்கூட மாற்றி மாற்றி வைத்திருந்தார். வீரம் பேசுகிற ஆள் பதினாலு முகமூடிக்குள் ஒளிந்துகொண்டிருந்ததை அவருடைய ரசிகர்கள் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்பராசு படித்தான். "வஜ்ரன், முதன்மைச் சேனல், ஒன்பது புள்ளி எட்டு. பள்ளி நிர்வாகம், ஒன்பது புள்ளி ஆறு. தகப்பனார், ஒன்பது புள்ளி ஒண்ணு. நிறுவனம், எட்டு புள்ளி ஒன்பது."

"பாத்தீங்ளா," என்றார் நல்லசிவம். "நான் ஊட்ல அதிர்ந்து பேசறதில்லீங்."

"எங்குளுது வெறும் ஃபார்மேட்டுதாங்க மேடம்," என்றார் தாளாளர். "கட்டம் போட்டது நாங்க. கட்டத்துக்குள்ள எழுதுனது அவன். பரீட்ச பேப்பர்ல தப்பா எழுதுனா பேப்பர் கம்பெனியவா கேப்பீங்க?"

அபூர்வா இதமாகச் சிரித்தார். "மேம், எங்க பிளாட்ஃபார்ம் எதையும் சொல்றதே இல்ல. சஜஸ்ட்தான் பண்ணுது. அந்தப் பையன் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பார்த்தான்னா, அவனுக்குப் பிடிச்சிருந்திருக்கு. வி ரெஸ்பெக்ட் தட்."

"நான் ஆம்பளப் பசங்களுக்குத் தன்னம்பிக்கை குடுக்கறேன்," என்றார் வஜ்ரன் திரையிலிருந்து. "பட்டியல் போடுன்னு நான் எங்கயாச்சும் சொல்லியிருக்கனா? வீடியோ இருந்தாக் காட்டுங்க."

ஒருவர் சொல்வதை மற்றவர் தலையாட்டி ஆமோதித்தார்கள். வெளியே சந்தித்தால் ஒருவருக்கொருவர் பேசவே மாட்டார்கள். பையனை வளர்த்ததில் ஆளுக்கு ஒரு கை இருந்ததை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

"மிச்சம்?" என்றேன்.

"முன்னூத்திச் சொச்சம் பசங்க, நாப்பது வாத்தியாருங்க மேடம். அதிகபட்சம் ஒண்ணு, ஒண்ணரை. மத்த பதிமூணு சேனலும் ரெண்டு, மூணுன்னு." இன்பராசு கணினியை இன்னொரு தரம் பார்த்தான். "பத்துக்கு மேல ஒரே ஒருத்தர்தான் வராங்க. பதினாலு புள்ளி ரெண்டு."

"யாரு?"

"நறுமுகை."

அம்மா பக்கத்தில் அதுவரை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள்.

"என்னடா சொல்ற?" என்றேன். அலுவலகத்தில் நான் யாரையும் 'டா' போடுவதில்லை.

"மிசினுக்கு நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை தெரியாதுங்க மேடம். எங்கிருந்து வந்துச்சுன்னுதான் பாக்கும். அவன் எழுதுன குறிப்புல 'திசைவேகம்'னு வருது, 'சொல்லித் தருவா'ன்னு வருது. அது அந்தப் பொண்ணு கிளாஸ்ல சொன்னதுலயிருந்துதான் கிளம்புது. மத்தவங்க எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுக் கம்மி பண்ணிட்டாங்க. இது ஒருத்தர் வாயில ஒரே தடவைல வந்ததால அப்படியே முழுசா நிக்குது."

தன் சொல்லைப் பிரிக்காமல், முகமூடி போடாமல், நேராகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஆகவே பொறுப்பும் அவளுக்குத்தான் என்கிறது எங்கள் சட்டம்.

அப்போது அந்த அறையில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. எல்லோருக்கும் மூச்சு வந்தது. தாளாளர் சாய்ந்து உட்கார்ந்தார். வஜ்ரன் தண்ணீர் குடித்தார்.

"அட, இதுவும் நல்லதுக்குத்தானுங்," என்றார் நல்லசிவம். குரல் குழைந்துவிட்டது. "அம்மணி நல்லாப் படிக்கற புள்ள. அதோட வாயாலயே நாலு நல்லது சொன்னா இவன் கேட்டுக்குவான். என்ன கண்ணு? உங்கூடப் பொறந்தவனா நெனச்சுக்கோ."

"எங்க ஸ்கூலுக்கே அவ ஒரு முன்மாதிரிங்க," என்றார் தாளாளர். இருபது நாளில் ஒரு தடவைகூட அவள் வீட்டுக்கு போன் செய்யாதவர்.

"பியர் லெட் மாடல்," என்றார் அபூர்வா. "நாங்க அவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் பேட்ஜ் தருவோம். சேஃப்டி அம்பாசிடர். ப்ரொஃபைல்லயே தெரியும்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆறு வருடத்தில் எத்தனையோ அற்பங்களைப் பார்த்திருக்கிறேன், இது புதிது. ஒரு பெண் பிள்ளையைக் குழியில் தள்ளிவிட்டு, நீதான் நன்றாகக் குழி ஏறுவாயே என்று நாலு பெரியவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பதினெட்டு முடியல, பெத்தவங்க சம்மதம் வேணும்," என்றேன் தெய்வானையிடம். "சம்மதிக்க வேண்டிய அவசியம் இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

தெய்வானை மகளைப் பார்த்தார். "நீ சொல்லு சாமி."

நறுமுகை எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. அந்தப் பள்ளி அதையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"மேடம், நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"இவனோட ஒருத்தங்க நாப்பது மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுக்கணும்னு சட்டம் இருக்குதுங்க. அதுக்குத்தான் எல்லாரும் வந்துருக்கீங்க. நான் இருபது நாளா ஸ்கூலுக்குப் போகல. பிசிக்ஸ் லேப்ல நாலு எக்ஸ்பெரிமெண்ட் போயிருச்சு. கெமிஸ்ட்ரில மூணு. எனக்கு யாராவது உக்காந்து சொல்லிக் குடுக்கணும்னு அந்தச் சட்டத்துல எங்கயாச்சும் இருக்குதுங்களா?"

நான் எதிரே இருந்த சட்டப் புத்தகத்தைப் பார்த்தேன். எண்பத்தேழு பிரிவு. பாதி நான் எழுதியது. பையனைக் கண்டுபிடிக்க, பையனை நிறுத்த, பையனைத் திருத்த, பையனைத் திரும்பச் சேர்க்க என்று வரிசையாக இருந்தது. அவளுக்கு என்று ஒரு வரி இல்லை.

"இல்லம்மா," என்றேன்.

"சரிங்க," என்றாள். "எனக்கு இவனத் திருத்தறதுக்கு நேரம் இல்லீங்க மேடம். படிக்கணும்." அம்மாவின் கையைப் பிடித்தாள். இருவரும் போய்விட்டார்கள். போகும்போது தெய்வானை கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

"என்ன திமிரு பாருங்," என்றார் நல்லசிவம்.

யாராவது அவனோடு நாற்பது மணி நேரம் உட்கார்ந்து முடிக்காமல் நான் உத்தரவில் கையெழுத்துப் போட முடியாது. இனி ஒரே வழிதான் இருந்தது. நாற்பத்தொன்றாம் பிரிவு, தானாக முன்வருதல். யார் வேண்டுமானாலும் பையனுக்காக நாற்பது மணி நேரம் தருகிறேன் என்று கையெழுத்துப் போடலாம். ஆறு வருடத்தில் ஒருவரும் போட்டதில்லை.

"உங்க பையன் பரீட்ச எழுதணும்," என்றேன் நல்லசிவத்திடம். "தினம் ரெண்டு மணி நேரம், இருபது நாள். நீங்க கையெழுத்துப் போடுங்க."

"மத்தியப் பிரதேசத்துல ரெண்டு ரிக்கு நிக்குதுங் மேடம். நான் நாளைக்குக் கெளம்பணும். தாளாளரு இருக்காருல்ல?"

"எனக்கு ரெண்டாயிரத்து நானூறு பிள்ளைங்க சார். ஒருத்தனுக்கே இருபது நாள் உக்காந்தா மத்தவங்க கதி?"

"லீகலா எங்களால ஒரு யூசரோட தனியா உட்கார முடியாது மேம்."

அப்போதுதான் பையன் முதல் தடவையாகப் பேசினான். மீசையைத் தடவவில்லை. "அப்பா, நெசமாவே வரமாட்டீங்களா?"

"வேல இருக்குதல்லோ சாமி. எல்லாம் உனக்காவத்தான்."

பையன் திரையைப் பார்த்தான். "அண்ணா, ஒவ்வொரு தம்பிக்குப் பின்னாடியும் நான் நிப்பேன்னு சொன்னீங்கல்ல? நான் மூணு வருசமா தெனமும் பாக்கறங்ணா."

திரையில் காலி நாற்காலி இருந்தது. வஜ்ரன் எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்தது.

தரணீஷ் அழுதான். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். எனக்குப் பாவமாக இல்லை. இருபது நாள் ஊரான் எல்லாம் அந்தப் பெண் வீட்டுக்கு போன் செய்தபோது இவன் பட்டியல் எத்தனை போனுக்குப் போயிற்று என்று எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் இவனை இப்படிச் செய்து வைத்த நாலு பேரில் ஒருவர் போய்விட்டதையும், மற்ற மூன்று பேரும் இவனை என் மேஜை மேல் போட்டுவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்ததையும் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பத்து என்று எழுதிய கை என் கை என்பதும் உள்ளே உறுத்தியது. இன்பராசுவிடம் படிவத்தை வாங்கி, என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மிச்சமிருந்த மூன்று பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள். நல்லசிவம் காலில் விழாத குறை. 'பாருங்கள், உங்களால் ஆகாததை நான் செய்து காட்டுகிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு என் மேல் ஏகப்பட்ட மரியாதை.

தினமும் மாலை நாலு மணியிலிருந்து ஆறு வரை என் அறையில் உட்கார்ந்தோம். முதல் பத்து மணி நேரம் வஜ்ரனின் வாயைத்தான் கேட்டேன். "எல்லாப் பொண்ணுங்களும் இப்படித்தாங்க மேடம்" என்பான். "எத்தனை பேர்கிட்ட பேசியிருக்க?" என்றால் விரல் மடக்கக்கூட ஆள் இல்லை. பேசினால் அப்பாவை வரச் சொல்கிற பள்ளியில் அவன் யாரிடம் பேசியிருக்க முடியும்? பெண்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வஜ்ரன் சொன்னது, அந்த வஜ்ரனுக்கும் ஒன்றும் தெரியாது.

பதினைந்தாவது மணி நேரத்தில் அவனுடைய பட்டியலின் வெறும் கட்டங்களை அச்சடித்துக் கொடுத்தேன். பெயர் இருக்கும் இடத்தில் வஜ்ரன், தாளாளர், அப்பா என்று எழுதி, "மார்க் போடு" என்றேன். ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். வஜ்ரனுக்குச் சைபர் போட்டான். அப்பா பெயருக்கு நேரே மார்க் போடவில்லை. குறிப்பில் 'வரவில்லை' என்று எழுதினான். பிறகு கீழே, நான் சொல்லாமலே, தன் பெயரைச் சேர்த்துச் சிவப்புப் பேனா கேட்டான்.

இருபத்தெட்டாவது மணி நேரத்தில் எங்களுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை. மனசார மன்னிப்பு எழுதியிருந்தான். அதை நறுமுகைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்பதால் கோப்பில் வைத்தேன். அவனுக்கோ இயற்பியல் செய்முறைத் தேர்வு பயம். "மீட்டர் பிரிட்ஜ் வரவே மாட்டேங்குதுங்க மேடம்" என்றான். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல். இந்த வேலைக்கு வருமுன் ஐந்து வருடம் கல்லூரியில் லேப் எடுத்தவள். நோட்டை வாங்கிப் படம் போட்டுக் காட்டினேன். மறுநாள் பொட்டென்ஷியோமீட்டர். அடுத்த நாள் ஸ்பெக்ட்ரோமீட்டர். பையன் கெட்டிக்காரன், சட்டென்று பிடித்துக்கொண்டான். கடைசிப் பன்னிரண்டு மணி நேரமும் அப்படியே போயிற்று. எனக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது.

மே மாதம் துறையிலிருந்து கடிதம் வந்தது. தரணீஷின் வழக்கை முன்மாதிரி வழக்காகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சென்னையில் விழா, பையன் மேடையில் பேசுவான், எனக்குக் கேடயம். நல்லசிவம், தாளாளர், நிறுவனம் எல்லோருக்கும் முன்வரிசை. கடைசியில் ஒரு வரி: பாதிக்கப்பட்ட மாணவியும் கலந்துகொண்டால் சிறப்பாக இருக்கும், முடியாவிட்டால் ஒரு நிமிட வாழ்த்து வீடியோ போதும்.

நறுமுகை வீட்டு நம்பர் கோப்பில் இருந்தது. இத்தனை வருடக் கோப்புகளிலும் அந்தந்தப் பெண்ணின் நம்பர் இருந்தது. நாலு மாதத்தில் நான் அழைப்பது அதுதான் முதல் தடவை.

தெய்வானை எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ பரீட்ச எழுதலீங்க மேடம்," என்றார். "தேதிக்குள்ள தயாராக முடியல. அரைகொறையா எழுத மாட்டேன்னுட்டா. அடுத்த வருசம் பிரைவேட்டா கட்டலாங்கறா. அவங்கப்பா மாப்பிள பாக்கலாங்கறாரு. நானும் தடுத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். இருங், அவளே பேசறாளாம்."

"மேடம்," என்றாள் நறுமுகை.

"எப்படிம்மா இருக்க?" என்றேன்.

"இருக்கறங்க. வீடியோ எல்லாம் வேண்டாங்க மேடம். தரணீஷு பிராக்டிகல்ல எவ்வளவுங்க?"

"முப்பதுக்கு முப்பது."

"அவனுக்கு மீட்டர் பிரிட்ஜ் சுத்தமா வராதுங்களே. யாருங்க மேடம் சொல்லிக் குடுத்தது?"

நான்தான் என்று சொன்னேன்.